நான் எழுதாத கல்வெட்டு

புத்தகம் வெளிவந்த முதல் கிழமையே ஒருவர் என்னிடம் துக்கம் விசாரித்தார். தெருமுனைப் பேக்கரிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர் தவறினது, பிள்ளை?" என்றார். அட்டையில் ஒரு படச்சட்டம், அதற்கு ஒரு பூமாலை, சட்டத்துக்குள் ஆள் இல்லை. இது நான் எழுதின சிறுகதைத் தொகுப்பு ஐயா என்றேன். வாங்கிப் புரட்டினார். சரி, எல்லாருக்கும் ஒரு நாள் இருக்குத்தானே, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்போம். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். முன்னட்டையில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்ச வரிசை, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். கல்வெட்டு அடிக்கிற அச்சகத்தில்தான் என் புத்தகமும் அடித்தது. அதே தாள், அதே அளவு. போதாக்குறைக்கு, அரசாங்கக் கந்தோர் வேலைக்கு நடுவில் எங்கள் தெருவில் செத்தவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அதில் ஒரு கெட்டவரைக்கூட நான் எழுதியதில்லை. பெண்சாதியை அடித்தவரை இல்லறத்தில் சிறந்தவர் என்று எழுதினேன். ஒருவருக்கும் ஒரு சதம் கொடுக்காதவரை வள்ளல் என்று எழுதினேன். வருசக்கணக்காக இப்படி எழுதி எழுதி உள்ளுக்குள் வந்த புழுக்கம்தான் பிறகு கதைகளாக வந்தது.

தொகுப்பில் இருந்தவை எல்லாம் நடக்காத கதைகள். ஒன்றில், செத்துப்போன மனிதர் தன் மரண அறிவித்தல் பதாகையில் போட்ட படம் சரியில்லை என்று பெட்டிக்குள்ளிருந்து எழும்பி உட்கார்ந்துவிடுவார். நல்ல படம் தேடி வீட்டு அலுமாரிகளையெல்லாம் கிண்டுவார்கள். வந்த சனம் தேத்தண்ணி குடித்துக் குடித்தே களைத்துப்போகும். இன்னொன்றில், பெற்றோலுக்கு வரிசையில் நிற்கப் போனவன் வரிசையிலேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, செத்தும் போவான். போகும்போது வரிசையில் தன் இடத்தை மகளுக்குச் சீதனமாக எழுதி வைப்பான். மூன்றாவது மான் கதை. எங்கள் ஊரில் மான்கள் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் மாடுகளைப்போலத் திரிகிறவை. கதையில் அவை ஒரு கந்தோருக்குள் நுழைந்து கதிரைகளில் ஏறிக் குந்திவிடும். அலுவலாக வருகிற சனம் வழக்கம்போல நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போய்க்கொண்டிருக்கும். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

கந்தோரில் என் மேலதிகாரி கொஞ்ச நாள் எனக்கு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கொம்பு முறிந்த மான் நான்தானா என்று கேட்டார். இல்லை சேர் என்றேன். அப்ப நான் எந்த மான் என்றார். நீங்கள் கதையிலேயே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அதற்குத்தான் அவருக்குக் கூடக் கோபம் வந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒரு டயர்க்கடைக்காரர் தொலைபேசியில் எடுத்தார். வரிசைக் கதையில் வருகிறது தன் மாமாதானாம், யார் எனக்குச் சொன்னது என்று விசாரித்தார். மாமா வரிசையில் கல்யாணம் முடிக்கவில்லை, மற்றதெல்லாம் சரி என்று ஒரு திருத்தமும் தந்தார். நூலக மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் நாற்பது நிமிசம் பேசி, இந்த எழுத்தின் நிலைப்பாடு என்ன என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் பஸ் பிடிக்கப் போய்விட்டார். ஒரு பெண்பிள்ளை எழுதுகிற கதையா இது என்று கோவில் சபைக்காரர் ஒருவர் அக்காவிடம் கேட்டிருக்கிறார். எனக்கு ஐம்பத்துமூன்று வயது. இந்த ஊரில் கல்யாணம் கட்டாத பெண் சாகும்வரை பெண்பிள்ளைதான்.

சிரித்துக்கொண்டு இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, அந்த நாட்களில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு இடத்தில் குந்தியிருக்க ஏலாது. கந்தோர் விட்டதும் வீட்டுக்கு வராமல் படகுத்துறைவரை நடப்பேன். மூதூர்ப் படகு வரும், சனம் இறங்கும், அதில் யாராவது என் புத்தகத்தை வாசித்திருப்பார்களோ என்று முகங்களைப் பார்ப்பேன். மீன்பெட்டியோடு இறங்குகிறவனுக்கு என் கதை வாசிக்கவா நேரம்? தெரிந்தும் பார்ப்பேன். திரும்பி நடக்கும்போது என்னை நானே திட்டிக்கொள்வேன். அடுத்த நாளும் போவேன்.

சாம்பல்தீவில் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் சொன்னதுதான் என்னை நன்றாக உலுக்கியது. படத்துக்காக எழும்புகிற பிணத்தின் கதையை பஸ்ஸில் இருந்து வாசித்தாளாம். அடக்க முடியாமல் சிரித்தாளாம். சிரித்து முடித்த பிறகுதான் தன் தகப்பனின் செத்தவீடு ஞாபகம் வந்திருக்கிறது. இடம்பெயர்ந்து ஓடின ஓட்டத்தில் வீட்டிலிருந்த படங்களெல்லாம் போய், தகப்பனுக்கு வைக்க ஒரு படமும் இல்லாமல் வெறும் விளக்கை வைத்துத்தான் செத்தவீடு செய்தார்கள். கந்தோர் வாசலுக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏன் ரீச்சர்மாரைப் பஸ்ஸில சிரிக்க வைக்கிறியள்? நான் இறங்கிற இடத்தையும் விட்டிட்டன்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.  

இத்தனை பேரும் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். நான் யாருடைய வாயிலிருந்து ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேனோ, அந்த ஆள் ஒரே வீட்டில் எனக்கு மூன்று நேரமும் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என் அக்கா.

உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் எங்கள் வீடு. அக்கா, அத்தான், நான், மூன்று பேர்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் துறைமுகத்தில் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்தவர். பென்சன் எடுத்த பிறகும் கப்பல் ஊதினால் விறாந்தைக்கு வந்து நின்று, எந்தப் பக்கமாகத் திருப்புகிறான் என்று காதாலேயே பார்ப்பார். புத்தகம் வந்ததும் முதலில் அக்காவிடம்தான் கொடுத்தேன். அவள் அட்டையைப் பார்த்தாள். மாலை போட்ட வெறும் படச்சட்டத்தை யாராவது வீட்டுக்குள் வைத்திருப்பார்களா என்று கேட்டுவிட்டு, பழைய கலண்டர்த் தாளைக் கிழித்து அதற்கு உறை போட்டாள். உறைக்கு வெளியே ஒரு லட்சுமி படம் வந்தது. அதோடு சரி. நல்லது கெட்டது ஒரு சொல் சொல்லவில்லை.

அத்தான்தான் வாசித்தார். விறாந்தைக் கதிரையில் சாய்ந்து, லட்சுமி அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கதை. சிரிப்பு வந்தால் முதலில் மூக்கால் ஒரு சத்தம் வரும், பிறகு கதிரை ஆடும். நான் உள்ளே இருந்து கதிரையின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலெல்லாம் அந்தக் கதிரைச் சத்தம்தான் பெரிது. பிணம் எழும்புகிற கதையை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மச்சாள், நான் செத்தால் அடிக்கிற படத்தை இப்பவே காட்டிப்போடு. பிறகு எழும்பி வந்து கரைச்சல் தரமாட்டன்." குசினிக்குள் அக்கா எதையோ டொங்கென்று வைத்தாள்.

அத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை குளிக்கப் போனவர் கிணற்றடியில் அப்படியே குந்திவிட்டார். இருதயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முதலே முடிந்துவிட்டது. படத்தை நான் அவருக்குக் காட்டவும் இல்லை, அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. துறைமுகத்து அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்துத்தான் பதாகையில் போட்டோம். கழுத்துப் பட்டி கோணலாக இருந்த படம். சந்தியில் அதைக் கட்டியபோது, இவர் இப்ப எழும்பி வரவேணும், எழும்பி வந்து இந்தப் படம் சரியில்லை என்று கத்தவேணும் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன். சிரிப்பாக எழுதின ஒன்றைக் கும்பிடுகிற நிலைமை எனக்கு வந்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். கல்வெட்டு வேலை தொடங்கவேணும் என்று நான் அதற்கு முதலே மனதில் எழுதத் தொடங்கியிருந்தேன். எஞ்சின் அறைச் சூட்டில் பழகிப்போய் வெயிலிலும் தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது, நண்டுக்கறி என்றால் சட்டை கழற்றிவிட்டுச் சாப்பிட இருக்கிறது, எல்லாம் வரி வரியாக வந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்தரம் ஒரு கல்வெட்டில் ஒரு பொய்கூட எழுதத் தேவையில்லை.

"கல்வெட்டை நீ எழுதாத," என்றாள் அக்கா.

 ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லியாயிற்று, அவர் எழுதுவார், நீ அதைப் பார்க்கவும் வேண்டாம் என்றாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த அதிபர் எழுதுகிற கல்வெட்டுகள் எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். அன்பும் பண்பும் ஒருங்கே அமையப் பெற்ற அன்னார் என்று தொடங்கும். ஆளின் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். தெருவில் கண்டவனுக்கெல்லாம் எழுதின எனக்கு என் அத்தானுக்கு எழுத உரிமை இல்லையா என்று கேட்டேன். என் புத்தகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாயா, உன் மனுசனைக் கேலி செய்வேன் என்று நினைக்கிறாயா என்றும் கேட்டேன். அக்கா பதில் சொல்லாமல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை நான் ஓம் என்றுதான் எடுத்தேன். ஊரில் எவன் என்ன சொன்னாலும் தாங்கியிருப்பேன். கூடப் பிறந்தவளே தன் செத்த மனுசனை என் கையில் தர மறுத்தால், பிறகு நான் எழுதி என்ன, எழுதாமல் என்ன?

அதிபர் விபரம் எடுக்க வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் கதவடியில் நின்றேன். அன்னார் இறைபக்தி மிக்கவரோ என்று கேட்டார். ஓம் என்றாள் அக்கா. அத்தான் தேர் பார்க்கப் போனாலும் தேரின் அச்சைத்தான் பார்ப்பார். அமைதியான சுபாவமோ? ஓம். எளிமையானவரோ? ஓம். கேட்டதற்கெல்லாம் ஓம், ஓம். இவள் யாருக்குக் கல்வெட்டு அடிக்கிறாள் என்று எனக்கு உள்ளங்கால் எரிந்தது. அந்த மாதம் முழுக்க நான் நடந்த நடையைச் சேர்த்தால் வெருகல்வரை போய் வந்திருக்கலாம். காலையில் டச்சுக்குடா மணலில் நடந்தேன், பின்னேரத்தில் படகுத்துறைக்கு நடந்தேன். வீட்டில் இருந்தால் அலுமாரியைத் திறந்து மூடினேன். மடித்த சீலையை உதறித் திரும்ப மடித்தேன். அக்காவும் நானும் சோறு, தண்ணீர், கதவு என்று தேவையான சொற்களை மட்டும் கதைத்தோம்.

முப்பத்தோராம் நாள் விடியக் கடற்கரையில் கிரியை முடித்துவிட்டு வந்தோம். மத்தியானத்துக்குச் சனம் நிறைந்துவிட்டது. விறாந்தையிலும் முற்றத்துப் பந்தலிலும் கதிரை, மண்டபத்துக்குள் பாய் விரித்துப் பெண்கள். அத்தானின் படத்துக்கு முன்னால் படையல். சாப்பாட்டுக்கு முன் கல்வெட்டை வாசிக்கிறது முறை. அச்சகத்திலிருந்து காலையில்தான் பெட்டி வந்து இறங்கியது. எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. என் ரோசம் அப்படி.

அதிபர் எழுந்து நின்று கண்ணாடியைச் சரி செய்துகொண்டு வாசித்தார். நல்ல கணீர்க் குரல். அன்பும் பண்பும் ஒருங்கே அமையப் பெற்ற அன்னார் பிறந்தார், படித்தார், துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்தார். இரண்டாம் பக்கம் போனார். மூன்றாம் பக்கத்தில், வெருகலாற்றங்கரையில் தம் முன்னோர் வழிவந்த வயல் நிலத்தைக் கண்ணுங் கருத்துமாய்ப் பராமரித்த அன்னார் என்று வாசித்தார். எங்களுக்கு ஒரு பூச்சட்டிக்குக்கூட நிலம் இல்லை. நான் நிமிர்ந்தேன். மச்ச மாமிசம் தீண்டாத சைவ சீலர் என்றார். நண்டுக்கறியோடு வைத்த படையலுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் அதை வாசித்தார். நிறுத்தவில்லை, தடங்கவில்லை. இத்தனை வருசமாக எழுதி வாசித்த மனுசனுக்குத் தான் வாசிப்பது தன் காதுக்கே போவதில்லை. அதே கணீர்க் குரலில் அடுத்த வரிக்கு வந்தார். "முதல் தாரத்தின் மறைவுக்குப் பின் இரண்டாந்தாரமாக வாய்த்த அம்மையாருடனும் இல்லறத்தை இனிது நடத்தி..."

 கையிலிருந்த கல்வெட்டைச் சிலர் அவசரமாகப் புரட்டி, அச்சில் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதிபரும் அப்போதுதான் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. எங்கள் பெரியப்பா விறாந்தையிலிருந்து எழும்பி வந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "இது இவளின்ர வேலை. செத்தவீட்டிலயும் உனக்குப் பகிடியோ?"

நான் எழுதவில்லை என்று சொன்னேன். எனக்கே அது நம்புகிற மாதிரிக் கேட்கவில்லை. என் கதைகளை வாசித்த எவரும் இது என் கை என்றுதான் சொல்வார்கள். பிணம் எழும்புகிற கதையை எழுதினவள், மானைக் கந்தோர்க் கதிரையில் இருத்தினவள், அத்தானுக்கு ஒரு முதல் பெண்சாதியை உண்டாக்க மாட்டாளா? கோவில் சபைக்காரர் தலையை ஆட்டினார். எனக்கு அவர்களைப் பற்றிக் கவலையில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். இவளும் நம்பிவிட்டால் நான் இந்த வீட்டை விட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை என்று நினைத்தேன்.

அக்கா பாயில் தலை குனிந்து இருந்தாள். தோள்கள் குலுங்கின. பிறகு சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னுக்குச் சாய்ந்தாள். இரண்டு பக்கத்திலிருந்தும் பெண்கள் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். ஐயோ, முப்பது நாளும் அழாமல் இருந்தவள் இப்ப உடைந்துபோனாள் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்களும் சேர்ந்து பெருங்குரலெடுத்து அழுதார்கள். யாரோ சோடா கேட்டுக் கத்தினார்கள். யாரோ விசிறினார்கள். நடுவில் அக்கா குலுங்கிக்கொண்டே இருந்தாள். தலைப்புக்கு மேலால் அவள் கண் ஒருதரம் என்னைத் தேடிப் பிடித்தது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அத்தானுக்கு வருமே, அதே சத்தம். அவள் அழவில்லை. அத்தனை பேரின் அழுகைக்கு நடுவில் என் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் பின்பக்கத்தால் வெளியே போய், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற அச்சகக்கார முஸ்லிம் அண்ணருக்குத் தொலைபேசி எடுத்தேன். கத்தினேன் என்றுதான் சொல்லவேணும். மனுசன் பொறுமையாகச் சொன்னார். அதிபர் எப்போதும் புதிதாக எழுதித் தருவதில்லையாம். முன்பு அடித்த ஒரு நல்ல கல்வெட்டைக் கொண்டுவந்து, மாற்றவேண்டிய இடத்தைச் சிவப்புப் பேனையால் மாற்றித் தருவாராம். இந்தமுறை கொண்டுவந்தது வெருகல் பக்கத்தில் வயல் செய்த ஒரு கமக்காரரின் கல்வெட்டு. இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார், நடுவில் ஒரு தாளில் சிவப்பே படவில்லை. அதைப் பார்த்துக் கேட்டிருக்கக் கூடாதா நானா, முதல் தாரம் என்று வந்தால் சந்தேகம் வராதா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வந்திச்சு புள்ள. கேக்கத்தான் போனை எடுத்தன். பிறகு, உங்கட வீட்டுக் கல்வெட்டுத்தானே, நீங்க கை வைச்சா அப்பிடித்தான் இருக்கும் எண்டு உட்டுட்டன்."

அவரிடம் என் புத்தகத்தைப் பற்றி நான் கருத்துக் கேட்டதில்லை. இது போதும்.

சனம் சாப்பிட இருந்த நேரம் குசினிக்குள் அக்கா தனியாக நின்றாள். முகம் கழுவியிருந்தாள். நானாவின் கதையைச் சொன்னேன். திரும்ப மூக்கால் அந்தச் சத்தம் வந்தது. பிறகு நான் கேட்டேன். நான் எழுதவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?

"நீ எழுதியிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றாள்.

அந்தச் சொல்லுக்கு நான் மாதக்கணக்காகக் காத்திருந்தேன். வந்த நேரம் அதை வைத்துக்கொள்ளத் தெரியாமல் சண்டைக்குப் போனேன். அப்படியென்றால் ஏன் என்னை எழுத விடவில்லை, என் கதைகளை நீ வாசிக்கக்கூட இல்லையே என்றேன். வாசித்தது அவர்தானே என்றாள். அத்தான் பகலில் விறாந்தையில் வாசித்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்ப இவளுக்கு உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் படகுத்துறையில் ஊரான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் இருந்து சிரித்திருக்கிறார்கள். மான் கதை நல்லது, வரிசைக் கதை தேவையில்லாமல் நீளம் என்று அந்தக் குசினிக்குள் நின்று எனக்கு விமர்சனமும் சொன்னாள். 

பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "நீ எழுதினால் அதில அவர் இருப்பார். நண்டு தின்னுறது, சிரிக்கிறது எல்லாம் அப்பிடியே வரும். ஊர் முழுக்க அவரைக் கையில வைச்சு வாசிக்கும், பிறகு பழைய பேப்பரோட போடும். அதிபர் எழுதினால் அதில ஒருத்தரும் இருக்கமாட்டினம். எனக்கு அதுதான் வேணும். அவர் எனக்கு மட்டும் இருந்தால் காணும்."

முற்றத்தில் யாரோ ரசம் கேட்டார்கள்.  ஒரு மாதமாக என்னை நம்பவில்லை என்று நினைத்து நான் நடந்த நடை என்ன, விட்ட மூச்சு என்ன! இவள் என் எழுத்தை நம்பாமல் அல்ல, முழுக்க நம்பியதால்தான் என்னைத் தள்ளி வைத்திருந்தாள். அழுகை வந்தது. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். அவள் என் முதுகில் தட்டிவிட்டு, ரசத்தைக் கொண்டுபோய்க் குடு என்றாள்.

மிச்சக் கல்வெட்டுகளை அதிபர் வந்து வாங்கிக்கொண்டு போனார், திருத்தி அடித்துத் தருகிறேன் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். ஊருக்குப் போனது போனதுதான். இன்றைக்கும் சந்தையில் சிலர் அத்தானின் முதல் தாரம் எந்த ஊர் என்று என்னிடம் தணிந்த குரலில் கேட்கிறார்கள். பெரியப்பாவுக்கு இன்னும் அது என் வேலைதான். நான் மறுப்பதை விட்டுவிட்டேன். இழுவைப் படகில் வேலை செய்த, வெருகலில் வயல் வைத்திருந்த, மீன் தொடாத அந்த மனுசர் ஊருக்கு இருக்கட்டும்.

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் கொடுத்தேன். கேட்காமல் அச்சுக்கு விட எனக்குத் துணிவில்லை. நண்டுக்கறியையும் கதிரைச் சத்தத்தையும் வெட்டச் சொல்வாள் என்று பயந்துகொண்டிருந்தேன். விறாந்தையில் அத்தானின் கதிரையில் இருந்து, ஒரு பின்னேரம் முழுக்க வாசித்தாள். நான் ஒழுங்கை முனைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். கப்பல் ஒன்று ஊதியது. திரும்பி வந்தபோது, பரவாயில்லை, நண்டு எல்லா வீட்டிலும்தான் தின்கிறார்கள் என்றாள். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தாள். மான் கதையை வாசித்து முடித்த அன்றைக்கு அத்தான் அவளிடம் சொன்னது ஒன்று. குசினியில் வைத்து அவளாகத்தான் அதை எனக்குச் சொல்லியிருந்தாள். நானும் இதில் எழுதியிருந்தேன்.

"இந்த ஒரு வரியை எடு," என்றாள்.

"இதிலயே நல்ல வரி அதுதான் அக்கா," என்றேன்.

"அதாலதான் சொல்லுறன்."

எடுத்துவிட்டேன்.